நூற்றுக்குப் பதினெட்டு

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைத் தேடி வருவதில்லை. "நூத்துக்கு அக்கா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டே மாடிப்படியைப் பார்ப்பார்கள். இரண்டு ஜெராக்ஸ் மெஷின்களுக்கு நடுவில் ஆறடிக்கு நான் ஒருவன் நிற்பது அவர்கள் கண்ணில் படாது. ஆரம்பத்தில் கோபம் வந்தது. இப்போதும் வருகிறது. ஆனால் அவர்கள்தான் ஆளுக்கு நாற்பது பக்கம் பிரதி எடுக்கிறார்கள் என்பதால் கோபத்தை மெஷின் மூடியோடு சேர்த்து மூடிவிடுவேன்.

நூத்துக்கு அக்கா என்பது என் சொந்த அக்கா. என்னைவிட நான்கு வயது மூத்தவள். என் கடைக்கு மேலே உள்ள ஒற்றை அறையில் ஒரு மேசை, ஓர் இரும்பு அலமாரி, வருகிறவர் உட்கார ஒரு நீல நாற்காலி, சீவிச் சீவிக் கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்த பென்சில்கள் ஒரு டப்பா நிறைய. அவள் தொழில் இதுதான்: இடம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கிற கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் கோப்பைப் படிப்பாள். மதிப்பெண், வாத்தியார் கொடுத்த கடிதம், பிள்ளை எழுதிய கட்டுரை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நூற்றுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று ஓர் எண் சொல்வாள்.

கிடைக்கும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கிடைக்காது என்றும் சொன்னதில்லை. "உன்னை மாதிரி நூறு பேர் வந்தா, ஏழு பேருக்குக் கிடைக்கும்" என்பாள். ஒருமுறை ஓர் அப்பா விடாமல் பிடித்துக்கொண்டார்.

"சரிங்க. அந்த ஏழு பேர்ல என் பையன் இருப்பானா?"

"அது தெரிஞ்சா நான் ஏன் சார் பென்சிலால எழுதுறேன்?"

இன்னோர் அம்மா பேரமே பேசினார். "ஒம்பதுன்னு போட்டிருக்கீங்க. ஒரு பன்னெண்டா போடுங்களேன், வீட்டுல காட்டணும்." அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இதென்ன தக்காளியாங்க, கூட ரெண்டு போட?" என்றாள். அந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒன்பதோடுதான் போனார். போகும்போது அக்கா எழுதிக் கொடுத்த எட்டுக் கல்லூரிகளின் பட்டியலும் கையில் இருந்தது: எட்டாக் கனியாக இரண்டு, முட்டி மோதினால் கிடைக்கக் கூடியவை மூன்று, கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்கிற மாதிரி மூன்று.

இந்த வித்தை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். ஊர்க் கோடியில் மேட்டின் மேல் ஒரு கல்லூரி இருக்கிறது. மேட்டுக் கல்லூரி என்றுதான் எல்லாரும் சொல்வோம். வருடத்துக்கு நாலாயிரம் பேர் விண்ணப்பிக்கிறார்கள், நூற்றிருபது பேரை எடுக்கிறார்கள். அக்கா இருபது வயதிலிருந்து முப்பத்தொன்று வரை அங்கே சேர்க்கை அலுவலகத்தில் கோப்பு அடுக்கும் வேலை பார்த்தாள். பேராசிரியர்கள் உட்காரும் அறைக்குக் கோப்புகளை வண்டியில் தள்ளிக்கொண்டு போவாள். மாலையில் 'சரி' என்ற கட்டையும் 'இல்லை' என்ற கட்டையும் தனித்தனியாகக் கட்டி எடுத்து வருவாள். போகிற வழியில் தாழ்வாரத்தில் நின்று நாலு பக்கம் புரட்டி, இது சரியா இல்லையா என்று மனசுக்குள் பந்தயம் கட்டிக்கொள்வாளாம். பிறகு அதை ஒரு சின்ன நோட்டில் குறிக்க ஆரம்பித்தாள். பதினோரு வருடத்தில் அந்த நோட்டு பதினாலாக வளர்ந்தது. எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியதும் அவளை விடுதிச் சாவிப் பிரிவுக்கு மாற்றினார்கள். "சாவிக்கு என்னடா வாய்ப்பு கணக்குப் போடுறது?" என்று வேலையை விட்டுவிட்டு என் கடை மாடிக்கு வந்தாள்.

அவள் கணக்கு எவ்வளவு தூரம் சரி என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. ஒரு மழை நாளில் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, அவள் 'பத்து' என்று போட்டவர்களை நோட்டில் தேடி எண்ணினேன். நூற்றுப் பதினாலு பேர். அதில் இடம் கிடைத்தவர்கள் பன்னிரண்டு. அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டேன்.

ஒரே ஒரு தடவை பெரிதாகச் சறுக்கினாள். எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டுப் பெண்ணுக்கு. குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்தவள், பாசம் கண்ணை மறைத்துவிட்டது. ஐந்து போட வேண்டிய இடத்தில் முப்பது போட்டுவிட்டாள். அவர்கள் அதை நம்பி வேறு எங்கும் விண்ணப்பிக்காமல் இருந்து, அந்தப் பெண்ணுக்கு ஒரு வருடம் வீணானது. அக்கா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் ஒரு சட்டம் போட்டாள்: யாருடைய கோப்பு என்று இனி எனக்குத் தெரியக் கூடாது.

அந்தச் சட்டத்தில் முக்கியமான ஆள் நான். பெற்றோர் கோப்பை என்னிடம் கொடுப்பார்கள். பெயர், புகைப்படம், பள்ளிக்கூடம், அப்பா அம்மா விவரம் எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தாள் பட்டை ஒட்டிப் பிரதி எடுப்பேன். மேல் மூலையில் ஓர் எண் முத்திரை குத்துவேன். அந்தப் பிரதி மட்டும்தான் மாடிக்குப் போகும். அவள் பின்பக்கத்தில் பென்சிலால் எண் போட்டுக் கீழே அனுப்பிய பிறகுதான் ஆளை மேலே அனுப்புவேன். மேசைக்கு வந்த கோப்பு எண் வாங்காமல் திரும்பாது, போட்ட எண்ணை அழிக்கவும் கூடாது. இதுவும் சட்டம்தான்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம்.

அக்கா கல்லூரிக்குப் போனதில்லை. பள்ளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று வாங்கியவள். பதினேழு வயதில் மேட்டுக் கல்லூரி விண்ணப்பத்தை வாங்கிவந்து, மேசையில் வைத்து ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரும் தடுக்கவில்லை. அப்பா தபால்தலைகூட வாங்கிக் கொடுத்தார். "எனக்கு நூத்துக்கு ஒண்ணுதான்பா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அனுப்பாமலே விட்டாள். அவள் போட்ட முதல் கணக்கு அதுதான். எனக்கு அப்போது பதிமூன்று. அந்தத் தபால்தலையை நான்தான் கிழித்து என் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டேன். இன்றைக்கும் அதைப் பார்த்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

இந்த வருடம் மேட்டுக் கல்லூரியில் புதிதாக ஒரு பிரிவு ஆரம்பித்தார்கள். நாற்பது வயதைத் தாண்டிய, பட்டம் இல்லாதவர்களுக்குப் பன்னிரண்டு இடம். அறிவிப்பை இருநூறு பிரதி எடுக்க என் கடைக்குத்தான் கொடுத்தார்கள். மெஷினிலிருந்து முதல் தாள் சூடாக விழுந்ததும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

"அக்கா, புள்ளியியல் இருக்கு. மூணு வருஷம். உனக்குன்னே போட்ட மாதிரி இருக்கு."

அவள் மேலோட்டமாகப் பார்த்தாள். "நாப்பத்துமூணு வயசுல போய் முதல் பெஞ்சுல உட்காரவா? எனக்கெல்லாம் பூஜ்யம்டா."

"ஊருக்கெல்லாம் கோப்பைப் படிச்சுட்டு எண் போடுறே. உனக்கு மட்டும் படிக்காமலேயா?"

"என் கோப்பு எனக்குத் தெரியாதா? போ, கீழே ஆள் நிக்குது."

அந்தத் தாளை மடித்து டீ கிளாசுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்தில் படியில் இறங்கும்போது இரண்டிரண்டாகத் தாண்டி, கடைசிப் படியில் கால் பிசகிக்கொண்டதுதான் மிச்சம்.

அன்று மாலை காலில் துணி சுற்றிக்கொண்டு அக்கா மகளைக் கடைக்கு வரச் சொன்னேன். பத்தொன்பது வயது, வேறொரு கல்லூரியில் இரண்டாம் வருடம். அம்மா தனக்குப் போட்ட எண் நான்கு என்பதை இன்னும் மன்னிக்காதவள். கூடவே மச்சானும் வந்தார். லிஃப்ட் மெக்கானிக், அதிகம் பேச மாட்டார்.

"அம்மா யாரோட கோப்புன்னு தெரியாமதானே பாப்பாங்க?" என்றாள் மருமகள். "அப்போ அம்மா கோப்பையே அனுப்புங்க மாமா."

"நல்லா இருக்கே! படிச்சா தெரிஞ்சுடாதா?"

"நீங்க பட்டை ஒட்டுறதுல கெட்டிக்காரர்னு சொல்லிக்குவீங்களே?"

என்னைச் சீண்டினால் எந்த வேலையும் நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். மச்சான் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தார். "மாப்ள, அவ எப்பவும் மத்தவங்களுக்கு மட்டும்தான் நியாயமா இருப்பா. அவளையும் மத்தவங்க மாதிரி ஆக்கிடுங்க" என்றார். ஒரே மூச்சில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

ஒரு வாரம் ஆளாளுக்கு அலைந்தோம். மச்சான் பீரோவிலிருந்து மதிப்பெண் பட்டியலை எடுத்து வந்தார். மடிப்பில் கிழிந்து, எழுத்தெல்லாம் மங்கிப்போயிருந்தது. மருமகள் அக்காவின் பழைய அலுவலக மேலாளரைத் தேடிப் போய்க் கடிதம் வாங்கினாள். நாலே வரி: 'பல வருடம் என்னிடம் வேலை பார்த்தார். ஒரு கோப்பும் தொலைந்ததில்லை. யாருக்கு இடம் என்று எங்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும் என்று எங்களில் பலர் சந்தேகப்பட்டோம். அவரை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வைக்காதது எங்கள் தவறு.' விண்ணப்பத்தை நானே டைப் செய்தேன், கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று. பெயர், வருடம், அலுவலகம், கடிதத்தில் கோப்பு என்ற சொல், மூன்றாவது வரி முழுதும், இப்படி ஒட்டி ஒட்டிக் கடைசியில் அந்தத் தாள்கள் ஆஸ்பத்திரியிலிருந்து கட்டுப் போட்டு வந்த மாதிரி இருந்தன. கட்டுரை மட்டும் இல்லை. அதை அவளுக்காக நாங்கள் எழுதினால் அது திருட்டு. 'பிறகு தரப்படும்' என்று ஒரு சீட்டு வைத்து, முப்பத்தொன்று என்று முத்திரை குத்தினேன்.

"நாப்பதுக்கு மேல புதுப் பிரிவு வந்திருக்கில்ல, அதுக்கு ஒருத்தங்க கொண்டுவந்தாங்க" என்று மற்ற மூன்று கோப்புகளோடு சேர்த்து மேசையில் வைத்துவிட்டு, முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் இறங்கி வந்தேன்.

ஒரு கோப்புக்கு அக்கா வழக்கமாக எடுத்துக்கொள்வது இருபது நிமிடம். அன்று மூன்று கோப்புகள் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டன. நாலாவதற்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அதற்குள் நான் ஒருவருடைய கல்யாணச் சான்றிதழைத் தலைகீழாகப் பிரதி எடுத்துத் திட்டு வாங்கினேன். மருமகள் ஓரமாக நின்று நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டாள்.

கோப்பு வந்தது. பின்பக்கத்தைத் திருப்பினோம். வழக்கமான பென்சில், வழக்கமான சின்ன எழுத்து.

'கட்டுரை எழுதினால் 18. எழுதாவிட்டால் 0.'

பதினெட்டு! அக்காவிடம் பதினெட்டு வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மருமகள் கடை நடுவிலேயே குதித்தாள். பிரதி எடுக்க நின்றிருந்த பெரியவர் ஒருவர் விஷயம் தெரியாமலே கை தட்டினார்.

மறுநாள் எண்ணைச் சொல்லும் முறை. நான் மேலே போய், "முப்பத்தொண்ணு வந்தாச்சு அக்கா" என்றேன்.

"வரச் சொல்லு."

"வந்தாச்சுன்னு சொன்னேனே. நீ எந்திரிச்சு இந்த நீல நாற்காலில உட்காரு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. நான் எதிர்பார்த்த அளவுக்கு அதிரக்கூட இல்லை. மெதுவாக எழுந்து சுற்றி வந்து உட்கார்ந்தாள். வெட்கத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அவள் குரலிலேயே சொன்னேன்.

"இங்க பாரும்மா. உன்னை மாதிரி நூறு பேர் வந்தா பதினெட்டுப் பேருக்குக் கிடைக்கும். ஆனா கட்டுரை இல்லாம அனுப்பினா பூஜ்யம். எழுதுறியா, இல்லையா?"

"கண்ணாடியைக் கழட்டுடா. பவர் ஜாஸ்தி, தலை சுத்தும்."

"சுத்துது. பதில் சொல்லு."

"கிடைக்கலைன்னா?" அவள் குரல் இறங்கியிருந்தது. "இத்தனை வருஷமா ஊர்ல ஒரு பேரு இருக்கு. நூத்துக்கு அக்காவுக்கே இடம் கிடைக்கலைன்னு சொல்ல மாட்டாங்களா? அப்புறம் யாருடா இந்தப் படி ஏறுவாங்க?"

அதுதான் அவள் பயம் என்று எனக்கு அந்த நிமிடம் வரை தெரியாது. பழைய வெட்கம் மட்டும் என்று நினைத்திருந்தேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"கிடைக்காத எண்பத்திரெண்டு பேர்ல இருந்தா என்னக்கா? உன் கணக்கு தப்புன்னு ஆயிடுமா? அதையும் நீதானே எழுதி வச்சிருக்கே? படி ஏற ஆள் இல்லைன்னா நான் ஏறுறேன், தினமும் மூணு தடவை, காலும் சரியாகிடும்."

அவள் சிரித்துவிட்டாள். விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாளுக்கு நாலு நாள் இருந்தது.

அந்த நாலு நாளும் மாடிக்கு யாரையும் விடவில்லை. கசங்கிய தாள்கள் மட்டும் படியில் உருண்டு வந்தன. இரண்டாம் நாள் கீழே வந்து, "பிள்ளைங்களை ரெண்டு பக்கம் எழுதுன்னு எவ்வளவு சாதாரணமா சொல்லியிருக்கேன்! பாவம்டா அதுங்க" என்றாள். கடைசி நாள் மதியம் இரண்டு பக்கத்தோடு இறங்கினாள். பிரதி எடுக்கும்போது பார்க்கக் கூடாது என்பது என் தொழில் தர்மம். பார்த்தேன். அதில் ஓர் இடம் மனசில் நின்றுவிட்டது: 'பதினேழு வயதில் என் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்று கணக்கிட்டேன். மற்றவர்கள் எத்தனை பேர், அவர்கள் யார் என்று எதுவும் எனக்குத் தெரியாது. பயத்தைத்தான் எண் என்று எழுதினேன். அதன் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கணக்கிட்டிருக்கிறேன். பழக்கத்தில் வந்த கணக்கு இது. ஏன் சரியாக வருகிறது என்று எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும்.'

அலுவலகம் மூட இருபது நிமிடம் இருக்கும்போது மச்சான் தன் பைக்கில் அவளை ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் போனார். பின்னால் உட்கார்ந்து கோப்பைக் கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு போனாள். மருமகள் வாசலில் நின்று, "அம்மா, மத்த ஏழு இடத்துக்கும் போட்டியா?" என்று கத்தினாள். நாலு வாங்கினவள் இல்லையா, பழி தீர்த்துக்கொண்டாள்.

முடிவு வர ஏழு வாரம் ஆனது. விலாசமாக என் கடையைத்தான் கொடுத்திருந்தாள். தபால்காரர் வரும் நேரத்துக்கெல்லாம் ஏதாவது சாக்கு வைத்துக் கீழே வருவாள். பென்சில் சீவ வந்தேன் என்பாள், ஷார்ப்பனர் மேலேயே இருக்கும். ஒரு நாள் அவர் கல்லூரி முத்திரை போட்ட உறையை என் பக்கம் நீட்டினார். அவள் என்னை வாங்க விடவில்லை, தானும் வாங்கவில்லை. "மெஷின் மேல வை" என்றாள். அன்று கடைக்கு வந்திருந்த மருமகளோடு மூன்று பேரும் அதைச் சுற்றி நின்றோம். தபால்காரரும் நின்றார், அவர் பெண்ணுக்கும் எண் வாங்கியவர் ஆயிற்றே.

கடைசியில் மருமகள்தான் கிழித்தாள். முதல் வரியைப் படிக்க ஆரம்பித்து, பாதியிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். எது என்று தெரியாமல் எனக்கு உயிரே போய்விட்டது. தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். இருநூற்று ஆறு பேர் விண்ணப்பித்ததில் பன்னிரண்டு பேர். பட்டியலில் ஒன்பதாவது என் அக்கா.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு மெஷினையும் சேர்த்து ஓட விட்டு அந்தக் கடிதத்தை ஐம்பது பிரதி எடுத்தேன். தெருவில் போகிற ஆளுக்கெல்லாம் கொடுத்தேன். மருமகள் போன் செய்து சொன்னதற்கு, மச்சான் வேலை இடத்திலிருந்து "சரி" என்று மட்டும் சொன்னாராம். அன்று ஆறு மாடி லிஃப்டை எந்தக் காரணமும் இல்லாமல் நாலு தடவை ஏற்றி இறக்கினார் என்று அவர் உதவியாளர் பிறகு சொன்னார்.

கூட்டம் எல்லாம் கலைந்த பிறகு மாடிக்குப் போனேன். அக்கா நோட்டைத் திறந்து, முப்பத்தொன்றாம் எண்ணுக்கு நேரே, மற்ற பிள்ளைகளுக்குப் போடும் அதே அளவில் ஒரு டிக் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"என் பட்டை வேலைதான் உன்னைக் காப்பாத்திச்சு. யாரோடதுன்னு தெரிஞ்சிருந்தா பூஜ்யம்னு போட்டிருப்பே இல்ல?"

அவள் நோட்டை மூடினாள். "பழைய மார்க் ஷீட் மங்கலா இருக்குன்னு மெஷின்ல இருட்டைக் கூட்டி வச்சியா?"

"ஆமா. இல்லைன்னா எழுத்து விழாதே."

"பட்டைக்குள்ளேருந்து பேரும் சேர்ந்து விழுந்துடுச்சுடா. என் பேரு, அப்பா பேரு, ரெண்டும்."

இருபது வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இருட்டைக் கூட்டினால் மெல்லிய தாளுக்குக் கீழே இருப்பது தெரியும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் பாடம் எடுப்பேன். நீல நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"தெரிஞ்சுமா எண் போட்டே?"

"மேசைக்கு வந்த கோப்பு. போடாம எப்படி அனுப்புறது?"

"அப்போ அந்தப் பதினெட்டு?"

அக்கா ஒரு பென்சிலை எடுத்து முனையைப் பார்த்தாள்.

"இருபதுதான் வந்துச்சு. தெரிஞ்சவங்களாச்சேன்னு ரெண்டு குறைச்சேன்."